கடையில சரக்கு இருந்தும் ஏன் காலி ஆகுது? அவிநாசி - திருப்பூர் பார்த்த 2020 ஏப்ரல் கூட்டமும் 'பேனிக் பையிங்' கணக்கும்

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. கொரோனா முதல் ஊரடங்கு தொடங்கி சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 காலை 6 மணி முதல் 29 இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு. சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 26 முதல் 28 இரவு 9 மணி வரை. இந்த முறை மளிகைக் கடையும் கிடையாது.

திருப்பூருக்கு மூணே மூணு நாள்தான். ஆனால் மறுநாள் சனிக்கிழமை காலை, இந்த ஐந்து ஊர்களிலும் மளிகைக் கடை, காய்கறி சந்தை என்று எங்கு பார்த்தாலும் தலைகள். அப்போது கடைகளுக்கு அனுமதி காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரை மட்டுமே. கூட்டத்தைப் பார்த்து அன்று ஒரு நாளைக்கு மட்டும் 3 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. சமூக இடைவெளிக்காக ரோட்டில் சுண்ணாம்பில் போட்ட வட்டங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அரிசி விளையாமல் போய்விட்டதா? இல்லை. குடோனில் சரக்கு இல்லையா? இருந்தது. மத்திய தொகுப்பில் அப்போது அரிசியும் கோதுமையும் விதிப்படி வைத்திருக்க வேண்டிய அளவைவிட ரொம்பவே அதிகமாக இருந்தன. அப்புறம் ஏன் கடையில் பருப்பு டப்பா காலியானது?

'ஜனங்களுக்கு பொறுமை இல்லை' என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மைகூட இல்லை.

60 குடும்பத்தோடு தீர்ந்து போகும் 180 கிலோ

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அவிநாசியில் ஒரு சுமாரான மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாக 150 குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு 1 கிலோ துவரம் பருப்பு. கடைக்காரர் 150 கிலோ எடுப்பார், முன்னெச்சரிக்கையாக இன்னொரு 30 கிலோ மூட்டையும் போட்டு வைப்பார். மொத்தம் 180 கிலோ. சாதாரண வாரத்தில் எல்லாருக்கும் கிடைத்து, கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

இப்போது 'நாளையிலிருந்து கடை இல்லை' என்று செய்தி வருகிறது. வருகிறவர் 1 கிலோவுக்குப் பதில் 3 கிலோ கேட்கிறார். 60 குடும்பம் வந்து போனதும் 180 கிலோவும் முடிந்தது. 61-வதாக வருகிற ஆளுக்கு ஒரு கிலோகூட இல்லை. மிச்சம் 90 குடும்பங்களுக்குப் பருப்பே கிடையாது.

இதில் யாரும் ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாகச் சாப்பிடவில்லை. ஊரில் இருந்த பருப்பும் குறையவில்லை. கடை டப்பாவிலிருந்து 60 வீட்டு டப்பாவுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். அந்த 61-வது ஆள் பதறாதவராகவே இருக்கட்டும். 1 கிலோ மட்டும் வாங்கலாம் என்று வந்தவராகவே இருக்கட்டும். காலி டப்பாவைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடுவார். அங்கே இருந்தால், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று 3 கிலோ வாங்குவார். போகிற வழியில் அக்காவுக்கு ஒரு போன். 'பருப்பு எங்கயும் இல்லக்கா, நீயும் இப்பவே போய் வாங்கி வை.' இந்தப் பேச்சில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பற்றாக்குறையைத் தெரு தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான்.

அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நல்லா நடந்துகொண்டிருக்கும் ஒரு வங்கி 'திவாலாகப் போகுது' என்று வதந்தி கிளம்பினால், எல்லாரும் பணத்தை எடுக்க ஓடுவார்கள். அதனாலேயே வங்கி திவாலாகும். பொய்யாகப் பிறந்த வதந்தி, மக்கள் அதை நம்பியதால் உண்மையாகிவிடும். மளிகைக் கடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

அதனால் அந்த சனிக்கிழமை வரிசையில் நின்றவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் மூட்டை கட்டுவார் என்று தெரிந்த பிறகு, நானும் கட்டுவதுதான் என் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. ஒவ்வொருத்தர் முடிவும் தனித்தனியாகச் சரி. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 90 வீட்டில் பருப்பு இல்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்குற ஊர்ல...

திருப்பூர், அவிநாசி பக்கம் வாழ்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய நகரங்களைப் பற்றி எழுதப்படும் 'பேனிக் பையிங்' கட்டுரைகளில் இது வராது.

இங்கே பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை பட்டுவாடா, ஞாயிற்றுக்கிழமை மளிகை. கட்டிங், டெய்லர், செக்கிங் என்று எந்த வேலையாக இருந்தாலும் வீட்டு அரிசி டப்பா அந்த சனிக்கிழமையை நம்பித்தான் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒண்ணாம் தேதி வாக்கில் மொத்தமாக மளிகை போடுவார். வாரச் சம்பளக்காரர் 5 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, அரை லிட்டர் எண்ணெய் என்று வாரா வாரம் வாங்குவார். பல வீடுகளில் ஒரே அறை, ஒரே அலமாரி. மூட்டை வாங்கினால் வைக்கக்கூட இடம் இருக்காது.

இப்போது காலண்டரைப் பாருங்கள். பிரதமர் மோடி 21 நாள் ஊரடங்கை அறிவித்தது 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு. அமலுக்கு வந்தது அன்று நள்ளிரவு 12 மணிக்கு. இடையில் நாலு மணி நேரம். அத்தியாவசியக் கடைகள் திறந்திருக்கும் என்று அரசு சொன்னது. அதற்குள் பல ஊர்களில் மக்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வாரச் சம்பளக்காரருக்கு ஊரடங்குக்கு முந்தைய கடைசி சனிக்கிழமை மார்ச் 21. மறுநாள் 22-ம் தேதி சுய ஊரடங்கு, அதாவது வழக்கமாக மளிகை வாங்கும் ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையே இல்லை. அன்றே பக்கத்து மாவட்டமான ஈரோடு, மத்திய அரசு முடக்கச் சொன்ன 75 மாவட்டப் பட்டியலில் வந்துவிட்டது. 24-ம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுக்க 144 தடை. மூன்றே நாளில் இத்தனையும்.

ஏப்ரல் 24 அறிவிப்பு வந்தபோது கம்பெனிகள் மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் பணம் வைத்திருந்தவர் சனிக்கிழமை காலை 6 மணிக்கே பைக்கில் போய் ஒரு வாரத்துக்கு வாங்கி வந்துவிட்டார். யாரிடமாவது கைமாத்து கேட்டு, அது கிடைத்து, 11 மணிக்குக் கடைக்கு வந்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பணம், வண்டி, வீட்டில் இடம், ஃப்ரிட்ஜ் இந்த நாலும் இருப்பவர்தான் முதலில் வாங்கிக் குவிக்க முடியும். இல்லாதவர் கடைசியில் வருவார். 'பேனிக் பையிங்' என்றதும் நம்ம டிவியில் காட்டுவது வரிசையில் முண்டியடிக்கிறவர்களை. வரிசைக்கே வர முடியாதவர்கள் கேமராவில் சிக்குவதில்லை.

இந்த இடத்தில் அண்ணாச்சி கடை பற்று நோட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வாரச் சம்பளக்காரர்கள் பலர் பொருளை முதலில் வாங்கி, சனிக்கிழமை கணக்கு முடிப்பவர்கள். ஊரடங்கு மாதிரி நேரத்தில் ரொக்கம் கொடுத்து மூட்டையாகக் கேட்கும் புது வாடிக்கையாளர் ஒரு பக்கம், ஏற்கெனவே நாலு வாரம் பாக்கி வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் இன்னொரு பக்கம். கடைக்காரரும் மொத்த வியாபாரிக்கு ரொக்கம் கட்டினால்தான் அடுத்த சரக்கு. அந்த நேரத்தில் பழைய நோட்டுக்காரருக்காக 2 கிலோ எடுத்து உள்ளே வைத்த கடைக்காரர்கள்தான் பல தெருக்களைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரே ரோடு, ரெண்டு சட்டம்

முழு ஊரடங்கு உத்தரவு மாநகராட்சி எல்லைகளுக்குத்தான். அவிநாசி அப்போது பேரூராட்சி. திருப்பூரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், இடையில் திருமுருகன்பூண்டி. உத்தரவை எழுத்துப்படி பார்த்தால், ஏப்ரல் 26 முதல் 28 வரை ஒரே அவிநாசி ரோட்டில் ஒரு பக்கம் மளிகைக் கடைக்குப் பூட்டு, எல்லை தாண்டினால் பகல் 1 மணி வரை திறக்கலாம். இன்னொரு பக்கம் 40 கிலோமீட்டரில் கோவை, அங்கேயும் பூட்டு.

கேட்க அவிநாசிக்காரருக்கு லாபம் மாதிரி இருக்கும். ஆனால் சின்னக் கடைகளுக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் திருப்பூர், கோவை மொத்தக் கடைகளிலிருந்து. அது மூடியிருந்தால் கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கடை திறக்க அனுமதி உண்டு, நிரப்பச் சரக்கு இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இத்தனைக்கும் திருப்பூர் மாவட்டம் உணவுப் பொருளுக்கு வறண்ட பகுதி இல்லை. காங்கேயத்தில் வரிசையாக அரிசி ஆலைகள், தேங்காய் எண்ணெய் ஆலைகள். பல்லடம், பொங்கலூர் பக்கம் சின்ன வெங்காயம். உடுமலையில் தக்காளி. அவிநாசிக்குப் பக்கத்தில் சேவூர் நிலக்கடலைக்குப் பேர் போனது. முட்டைக்கு நாமக்கல், மஞ்சளுக்கு ஈரோடு. தூரத்திலிருந்து வர வேண்டியவை என்றால் முக்கியமாகத் துவரம் பருப்பு, உளுந்து, பெரிய வெங்காயம், பூண்டு, சர்க்கரை, கோதுமை. துவரம் பருப்புக்கு கர்நாடகாவின் கலபுரகி, மகாராஷ்டிரா, அதுவும் போதாமல் மியான்மர், மொசாம்பிக்கிலிருந்து இறக்குமதி.

அதனால் அரிசி மூட்டைக்காக முண்டியடிப்பதில் அர்த்தம் குறைவு. லாரி நின்றால் முதலில் தட்டுப்பாடு வருவது பருப்பு மாதிரி பொருள்களுக்கு.

லாரி நின்றதும் நடந்தது அதுதான். 2020 மார்ச் கடைசி வாரத்தில் அத்தியாவசியப் பொருள் லாரிக்கு மட்டும் அனுமதி என்றார்கள். சோதனைச் சாவடியில் எது அத்தியாவசியம் என்று யார் முடிவு செய்வது? பருப்பு அத்தியாவசியம், சரி. பருப்பு கட்டுகிற சாக்கு? எண்ணெய் நிரப்புகிற பிளாஸ்டிக் கவர்? சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி? மார்ச் 29-ம் தேதி மத்திய உள்துறை, அத்தியாவசியம் - அத்தியாவசியமற்றது என்ற பிரிவே வேண்டாம், எல்லாச் சரக்கும் போகலாம் என்று தெளிவுபடுத்தியது. அதன் பிறகும் டிரைவர்களுக்கு வழியில் சாப்பாட்டுக் கடை இல்லை, சந்தையில் லோடுமேன் இல்லை. சரக்கு இருந்தது, தூக்க ஆள் இல்லை.

மெஸ் மூடினா மளிகைக்கு டிமாண்ட்

வதந்தியை மட்டுமே குறை சொல்ல முடியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊரடங்கில் வீட்டு மளிகைத் தேவை நிஜமாகவே கூடியது.

திருப்பூரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஆண்களில் பலர் காலையும் இரவும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். கம்பெனி நாளில் டீ, வடை டீக்கடையில். ஊரடங்கு வந்ததும் மெஸ், ஹோட்டல், டீக்கடை எல்லாம் மூடல் அல்லது பார்சல். இதுவரை அடுப்பே பற்ற வைக்காத அறையில் இப்போது அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் வேண்டும். பள்ளி சத்துணவில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் மதியம் வீட்டுச் சாப்பாடு.

ஹோட்டலுக்கு 50 கிலோ சாக்கில் போகும் பருப்பு, வீட்டுக்கு அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகப் போக வேண்டும். டீக்கடைக்கு கேனில் போகும் பால் வீட்டுக்கு அரை லிட்டர் கவரில் போக வேண்டும். பொருளின் அளவு அதேதான். ஆனால் பொட்டலம் போடும் ஆளும் மெஷினும் கவரும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகாது.

2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்டதை நாம் மீம் போட்டுச் சிரித்தோம். அங்கேயும் வதந்தியோடு இதே விஷயமும் சேர்ந்திருந்தது. அலுவலகத்தில் செலவான பேப்பர் இனி வீட்டில் செலவாகும். அலுவலகத்துக்குச் செய்யும் பெரிய ரோலை வீட்டுக்கு விற்க முடியாது.

இதற்கும் முன்னால் 1973-ல் ஜப்பானில் ஒரு டாய்லெட் பேப்பர் கலவரமே நடந்திருக்கிறது. எண்ணெய் நெருக்கடியால் பேப்பர் கிடைக்காது என்று பேச்சு கிளம்ப, ஒசாகா பக்கம் ஒரு கடையில் தொடங்கிய கூட்டம் நாடு முழுக்கப் பரவியது.

உப்பு, அரிசி... நம்மளும் சளைத்தவங்க இல்ல

2016 நவம்பர். 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. உத்தரப்பிரதேசம், டெல்லி உள்ளிட்ட வட மாநிலப் பகுதிகளில் 'உப்பு தட்டுப்பாடு' என்று வதந்தி. 20 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கிலோ உப்பை 200 ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். உலக அளவில் உப்பு உற்பத்தியில் முன்வரிசையில் இருக்கும் நாடு இந்தியா. குஜராத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதற்கடுத்து நம்ம தூத்துக்குடி. மத்திய அரசு மறுத்த பிறகு ஓரிரு நாளில் விலை பழையபடி இறங்கியது. 200 ரூபாய் கொடுத்தவர்களுக்குப் பல மாதத்துக்கு உப்புப் பிரச்சினை இருந்திருக்காது.

2023 ஜூலை 20-ம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. உள்நாட்டில் விலை ஏறாமல் இருக்க எடுத்த முடிவு. ஆனால் கூட்டம் கூடியது அமெரிக்காவில். இந்திய மளிகைக் கடைகளில் சோனா மசூரி மூட்டைகளுக்காகத் தமிழரும் தெலுங்கரும் வரிசையில் நின்ற வீடியோக்கள் அப்போது எல்லார் போனிலும் சுற்றின. 'குடும்பத்துக்கு ஒரு மூட்டை' என்று கடைக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். நல்ல சம்பளம், வீட்டில் இடம், டிக்கி நிறைய மூட்டை ஏற்றும் கார் எல்லாம் இருப்பவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதல் நடந்த நாள்களிலும் இதே கதை எட்டிப் பார்த்தது. 'உணவுப் பொருள் தீர்ந்துவிடும், வாங்கி வையுங்கள்' என்று பதிவுகள் சுற்ற, போதிய இருப்பு உள்ளது, நம்ப வேண்டாம் என்று மத்திய உணவுத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி சொல்ல வேண்டியிருந்தது. பெட்ரோலும் காஸும் போதிய அளவு உள்ளன என்று எண்ணெய் நிறுவனங்களும் விளக்கம் கொடுத்தன.

ஆனால் எல்லா வரிசையும் பீதி வரிசை இல்லை. இலங்கையில் 2022-ல் மக்கள் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால் பவுடருக்கும் நாள்கணக்கில் நின்றது வதந்தியால் அல்ல. இறக்குமதிக்குக் கொடுக்க டாலரே இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. விலைவாசி தாங்காமல் மார்ச் மாதமே தமிழ்க் குடும்பங்கள் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கத் தொடங்கின. அங்கே 'பதற வேண்டாம்' என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: காலியான கடை மறுநாளோ மூன்றாம் நாளோ நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் அது கூட்டத்தால் வந்த தட்டுப்பாடு. வாரக்கணக்கில் நிரம்பவே இல்லை என்றால் சரக்கு வரும் இடத்திலோ வழியிலோதான் பிரச்சினை.

2021-ல் என்ன மாற்றினார்கள்?

2020 ஏப்ரல் 25 கூட்டத்துக்கு வேறு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சென்னை கோயம்பேடு சந்தையில் அன்று கூடிய கூட்டம் கொரோனா பரவலுக்கு ஒரு காரணமாகப் பின்னர் பேசப்பட்டது. அந்தச் சந்தையோடு தொடர்புடைய தொற்று பல மாவட்டங்களில் கண்டறியப்பட, மே 5-ம் தேதி சந்தையே மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது.

திருப்பூரும் சந்தைக் கூட்டத்துக்கு ஒரு வைத்தியம் பார்த்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினி சுரங்கம் திறக்கப்பட்டது. உள்ளே நடந்தால் மேலே மருந்து தெளிக்கும். வீடியோ வைரலாகி வேறு ஊர்களிலும் வைக்கத் தொடங்கினார்கள். ஆனால் மனிதர்கள் மேல் அந்த மருந்தைத் தெளிப்பது பலன் தராது, தீங்கும் செய்யலாம் என்று சொல்லி, தமிழக பொது சுகாதாரத் துறை அதே மாதம் அதை நிறுத்தச் சொன்னது.

அடுத்த ஆண்டு 2021 மே 22, சனிக்கிழமை. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், மே 24 முதல் ஒரு வாரம் தளர்வில்லாத முழு ஊரடங்கு என்று அறிவித்தார். அதற்கு முன் மளிகைக் கடைகளுக்குக் காலை 6 முதல் 10 மணி வரை மட்டுமே அனுமதி. இந்த முறை அன்றும் மறுநாளும் இரவு 9 மணி வரை கடைகள் திறக்கலாம் என்றார்கள். காய்கறி, பழங்களை தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் வண்டிகளில் தெருவுக்கே கொண்டு வரும் என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

கூட்டம் வரவில்லையா? வந்தது. காய்கறி விலையும் அந்த ரெண்டு நாள் எகிறியது. ஆனால் ஒரு காலைப் பொழுதில் நெருக்கியடித்த கூட்டம், இங்கே ரெண்டு பகல், ரெண்டு மாலை என்று பிரிந்தது. வண்டி தெருவுக்கு வரும் என்று தெரிந்ததால் காய்கறியை ஒரு வாரத்துக்கு வாங்கி அழுக விட வேண்டிய அவசியமும் குறைந்தது. ஜூன் 7-ல் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குக் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. அந்த மாதம் ரேஷன் கடையில் 14 வகை மளிகைத் தொகுப்பும் 4,000 ரூபாய் நிவாரணத்தின் இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் கொடுத்தார்கள்.

'பதறாதீங்க' என்று சொல்வதைவிட, 'செவ்வாய்க்கிழமை உங்க தெருவுக்கு வண்டி வரும்' என்று சொல்வதுதான் கூட்டத்தைக் குறைக்கும். தேதியும் நேரமும் தெரிந்தவர் மூணு கிலோ கேட்க மாட்டார்.

விலை ஏத்தினா என்ன செய்யலாம்?

பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.-க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்ட விரோதம், ஊரடங்கோ வெள்ளமோ எதுவானாலும். 2009-ன் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம்.

ஆனால் சாக்கில் இருந்து அள்ளி எடை போடும் பருப்புக்கும் தராசில் போடும் தக்காளிக்கும் எம்.ஆர்.பி. கிடையாது. தட்டுப்பாட்டில் முதலில் விலை ஏறுவதும் இவைதான். சில்லறையில் கால் கிலோ, அரை கிலோ வாங்குபவர் பெரும்பாலும் இந்தப் பொருளைத்தான் வாங்குகிறார் என்பது இதில் இருக்கும் சங்கடம்.

பதுக்கலுக்கு 1955-ன் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இருக்கிறது; மீறினால் 7 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தின் கீழ் அரசு இருப்பு வரம்பு விதிக்கலாம். 2019 டிசம்பரில் வெங்காய விலை எகிறியபோது சில்லறை வியாபாரிக்கு 5 டன், மொத்த வியாபாரிக்கு 25 டன் என்று வரம்பு வைத்து, சில நாளிலேயே சில்லறைக்கு 2 டன்னாகக் குறைத்தார்கள். கள்ளச் சந்தைக்காரர்களை 6 மாதம் வரை காவலில் வைக்க 1980-ன் தனிச் சட்டமும் உண்டு. இந்த வரம்புகள் எல்லாம் வியாபாரிகளுக்குத்தான். உங்கள் வீட்டுப் பரணில் நாலு மூட்டை இருந்தால் யாரும் ரெய்டுக்கு வரமாட்டார்கள்.

'ஒருத்தருக்கு ஒரு கிலோதான்' என்று கடைக்காரர் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். நம்ம கணக்கில் வந்த 180 கிலோவை 150 வீட்டுக்கும் கொண்டு சேர்க்க அவர் கையில் இருக்கும் ஒரே வழி அதுதான்.

வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம்?

சாதாரண நாளிலேயே வழக்கத்தைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு இருந்தால் போதும். அதையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பருப்பை வாரம் கால் கிலோ கூடுதலாகப் போட்டு வந்தாலே ஒரு மாதத்தில் சேர்ந்துவிடும். குழந்தைக்குப் பால் பவுடர், பெரியவர்களுக்கு மாத்திரை, ஸ்பேர் சிலிண்டர் இருந்தால் அதில் காஸ், இவற்றுக்குத்தான் முதல் கவனம் தேவை. இவை தீர்ந்தால் மாற்று வழி இல்லை. துவரம் பருப்பு இல்லாவிட்டால் பாசிப்பருப்பு சாம்பார் வைக்கலாம், கொங்குப் பக்கம் கொள்ளும் தட்டைப்பயறும் எதற்கு இருக்கிறது?

பருப்பு, மாவு வகைகளை மூட்டையாக வாங்கி வைத்தால் நம்ம ஊர் வெயிலில் ரெண்டு மாதத்தில் வண்டு விழும். 2020-ல் வாங்கிக் குவித்த ரவையும் மைதாவும் எத்தனை வீட்டில் குப்பைக்குப் போயின என்று அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

ரேஷன் பொருளை அந்த மாதமே வாங்கிவிடுங்கள். அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கடை திறக்காவிட்டாலோ இருப்பு இருந்தும் தராவிட்டாலோ 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் சொல்லலாம்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 2020 ஊரடங்கு தொடங்கியபோது இந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டு கார்டு இல்லாததால் கார்டுதாரர்களுக்கான 1,000 ரூபாய் நிவாரணம் அவர்களுக்கு வரவில்லை. கார்டு இல்லாத புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14-ம் தேதி. அதற்குள் ஊருக்குப் போகும் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் அமலானது 2020 அக்டோபர் 1-ல்.

இப்போது சொந்த மாநிலத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட கார்டு வைத்திருப்பவர் அவிநாசி ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். ஆனால் தமிழக அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் அதில் வராது. அந்த ரெண்டுக்கும் அவர் சனிக்கிழமை சம்பளத்தோடு மளிகைக் கடைக்குத்தான் வர வேண்டும்.